படகு ஓடாத நாளையும் கணக்கில் எடுங்கள்

கைத்தொலைபேசிக் காப்புறுதிப் பத்திரங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும். போன் களவுபோனாலோ உடைந்தாலோ 24 மணித்தியாலத்துக்குள், சிலவற்றில் 48 மணித்தியாலத்துக்குள், கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். களவென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். பழுதென்றால் அந்தப் போனையே அங்கீகரிக்கப்பட்ட திருத்தகத்தில் ஒப்படைக்க வேண்டும். யாழ்ப்பாண நகரில் இருப்பவருக்கு இது ஒரு காலைப்பொழுதில் முடியும் அலுவல்.

நெடுந்தீவில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மாவலித்துறைக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே படகே ஓடாது. அந்த நிலை எத்தனை நாள் நீடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடல் தணிந்த பிறகு படகேறி, ஒரு மணித்தியாலம் அலையில் ஆடி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, புங்குடுதீவும் வேலணையும் பண்ணைப் பாலமும் தாண்டி நகருக்கு வந்து சேரும்போது பத்திரம் சொன்ன நேரம் எப்போதோ முடிந்திருக்கும். அனலைதீவிலும் எழுவைதீவிலும் இருப்பவர்கள் முதலில் ஊர்காவற்றுறைக்கு வந்துதான் மற்ற எந்த வாகனத்தையும் பிடிக்கலாம். நயினாதீவுக்குக் கடல்வழி குறுகியது என்றாலும் காற்று எழுந்தால் அங்கும் நிலைமை இதுதான். கடைசியில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும்.

பக்கத்து வீட்டுப் போனில் கம்பனிக்குச் சொல்லியிருக்கலாமே என்பார்கள். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதோடு முடிவதில்லை. நிரப்பிய படிவம், பற்றுச்சீட்டு, பொலிஸ் பிரதி, பழுதான போன் என்று நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவை பின்னால் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடற்பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் தொழில் போகிறது.

போன்தானே, இதற்கு இவ்வளவா என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. 2020, 2021 கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமே அதற்குள் இருந்தது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது, போன் கையில் இல்லாதவர் அந்தக் குறியீட்டைப் பெறுவதற்கே மற்றவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. கடலுக்குப் போகுமுன் வானிலை பார்ப்பது, மீனின் விலை கேட்பது, கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசு வந்ததா என்று அறிவது, இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் படகுக்கு ஆள் தேடுவது எல்லாம் அந்தக் கையளவு பெட்டிக்குள்தான். அதை வாங்குவதும் இப்போது இலேசில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து கைத்தொலைபேசிக்கும் 18 சதவீத பெறுமதி சேர் வரி விழுந்தது. கடற்றொழிலாளர் வீட்டில் ஒரு நல்ல போன் என்பது தவணையில் கட்டி முடிக்கும் காசு. அதனால்தான் கடையில் காப்புறுதியும் போடலாம் என்றதும் கூடக் கொஞ்சம் கொடுத்துப் போடுகிறார்கள்.

அந்தக் கடைமேசையில் என்ன விற்கப்படுகிறது என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் ஒன்று. கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு தரும் மேலதிக உத்தரவாதம் இன்னொன்று. பதிவுபெற்ற காப்புறுதிக் கம்பனியின் பத்திரம் மூன்றாவது. மூன்றையும் சேர்த்து எல்லாம் கவர் ஆகும் என்ற ஒரே வாக்கில் விற்றுவிடுகிறார்கள். உத்தரவாதம் போனுக்குள்ளேயே இருந்த குறைக்குத்தான்; கீழே விழுந்து திரை உடைந்தால் அது பேசாது. தற்செயல் சேதத்துக்கும் களவுக்கும் காப்புறுதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, பதிவு இல்லாத ஒருவர் இந்த நாட்டில் காப்புறுதித் தொழில் நடத்த முடியாது. ஆகவே காசு கொடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்குப் பொறுப்பேற்கும் காப்புறுதிக் கம்பனி எது, பத்திர இலக்கம் எங்கே என்பது. அதற்குப் பதில் வராவிட்டால் கையில் இருப்பது கடையின் வாக்குறுதி மட்டுமே. பிரச்னை வரும்போது போகவேண்டிய வாசலும் அதற்கேற்ப மாறும்.

விற்பவர் சரியாகச் சொல்லாமல் விற்பது எங்கள் தீவகத்துக்கு மட்டும் உரிய வியாதி என்றில்லை. பிரித்தானியாவில் கார்போன் வெயார்ஹவுஸ் என்ற பெரிய கடைத்தொடர் தன் கைத்தொலைபேசிக் காப்புறுதியைத் தேவையா இல்லையா என்று பாராமல் விற்றதற்காக, அந்நாட்டு நிதி ஒழுங்காற்று அமைப்பு 2019 மார்ச்சில் 2 கோடியே 91 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. விற்பனையாளருக்கு அதற்கான பயிற்சியே சரியாகக் கொடுக்கப்படவில்லை என்பது அங்கே வெளிவந்தது. அங்கே ஒழுங்காற்று அமைப்பு கடைமேசை வரை போய்ப் பார்த்தது. இங்கே குறிகட்டுவானைக் கடந்து யார் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

தீவகத்தில் எல்லாவற்றையும்விட வலிக்கும் நிராகரிப்பு தண்ணீரால் வருவது.

இன்றைய போன்கள் பலவற்றில் ஐ.பி. 68 என்று ஒரு தரக்குறி இருக்கிறது. விளம்பரத்தில் போன் தண்ணீருக்குள் மூழ்கி எழும். அந்தத் தரக்குறிக்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை இலகுவாகக் கடத்தும், உலோகத்தை வேகமாக அரிக்கும். அவுஸ்திரேலியாவில் சாம்சங் தன் கலக்ஸி வகைப் போன்களைக் கடலிலும் நீச்சல் தடாகத்திலும் பாவிக்கலாம் என்று தோன்றும்படி 2016க்கும் 2018க்கும் இடையே விளம்பரம் செய்தது. அது தவறாக வழிநடத்தியது என்று 2022 ஜூனில் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் 1 கோடியே 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. சுற்றிவரக் கடலும், வீட்டுத் தகரத்தையே தின்னும் உப்புக்காற்றுமாக வாழும் சனத்துக்கு இந்தச் செய்தி அவுஸ்திரேலியர்களைவிடக் கூடவே தேவை.

தண்ணீர் விடயத்தில் காப்புறுதி, முன்னே சொன்ன உத்தரவாதத்தைப் போன்றதில்லை. பல பத்திரங்கள் தற்செயலாகத் தண்ணீர் பட்டதையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதே பத்திரத்தின் விலக்குப் பகுதியில் துரு, அரிப்பு, காலநிலையால் படிப்படியாக ஏற்படும் சேதம் ஆகியவற்றுக்குப் பணம் இல்லை என்றும் இருக்கும். இனி நடப்பதைப் பாருங்கள். வள்ளத்தில் அலை அடித்து போன் நனைகிறது. அது ஒரு கணத்தில் நடந்த விபத்து. கடல் சரியில்லாமல் படகு ஓடவில்லை. போன் வீட்டிலேயே கிடக்கிறது. உள்ளே புகுந்த உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. நாட்கள் கழித்துத் திருத்தகத்தில் அதைத் திறப்பவர் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த இணைப்புகளைப் பார்த்து அரிப்பு என்று எழுதிவைக்கிறார். கம்பனி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு படிப்படியான சேதம் என்று கோரிக்கையை மூடிவிடுகிறது. விபத்து நடந்த அன்றே அதே போன் நகரில் திறக்கப்பட்டிருந்தால் அறிக்கை வேறுமாதிரி இருந்திருக்கும். படகு ஓடாத நாட்களின் விலையைத் தீவுக்காரர் கட்டுகிறார். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

சிம் அட்டை போடும் இடத்துக்குள் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஒட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகும். தண்ணீர் பட்டது என்பதற்கு அது அடையாளம்; போன் எதனால் நின்றது என்பதற்கு அது சாட்சி இல்லை. கீழே விழுந்து திரை நொறுங்கிய போனிலும் என்றோ பட்ட ஈரத்தால் அந்த ஒட்டி சிவந்திருக்கலாம். காப்புறுதிச் சட்டத்தின் பொதுவான நெறி இது: பத்திரம் காக்கும் வகையான இழப்பு நடந்தது என்று காட்டுவது காப்புறுதி எடுத்தவரின் வேலை, அது விலக்குக்குள் விழுகிறது என்று சொன்னால் அதை நிரூபிப்பது கம்பனியின் வேலை. வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படுமானால், எழுதிய கம்பனிக்குப் பாதகமான பொருளையே எடுக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதம் கிடைத்தவர் முதலில் கேட்க வேண்டியது தொழில்நுட்பவியலாளரின் அறிக்கையும், அவர் எடுத்த படங்களும், கம்பனி சுட்டும் நிபந்தனையின் முழு வாசகமும். இவற்றைக் கேட்டு எழுதினாலே பல கோரிக்கைகளின் போக்கு மாறும் என்று நம்புகிறேன்.

களவில் வேறு ஒரு குழி இருக்கிறது. ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகுக்குப் படகு சனம் நெருக்கும். அந்த நெரிசலில் போன் போனால் பொலிஸில் துலைஞ்சு போச்சு என்கிறோம். காணாமற்போனதாகப் பதிவாகிறது. பல பத்திரங்கள் களவைக் காக்கும், தவறவிட்டதைக் காக்காது. பையைக் கிழித்தார்களா, கையிலிருந்து பறித்தார்களா, எந்த இடம், எத்தனை மணி என்று நடந்ததை நடந்தபடியே சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அந்த முறைப்பாட்டில் இருக்க வேண்டும். *#06# அழுத்தினால் அது திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து தந்த போனென்றால் அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

தாமதம் என்ற காரணத்துக்கு வருகிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. உழவு இயந்திரம் களவுபோன அன்றே அவர் பொலிஸில் முறையிட்டார். காப்புறுதிக் கம்பனிக்குப் பல வாரம் கழித்துத்தான் அறிவித்தார். பொலிஸில் உடனே முறையிட்டு, களவும் உண்மையென்று தெரிந்த பிறகு, கம்பனிக்குப் பிந்திச் சொன்னதை மட்டும் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அந்நாட்டின் காப்புறுதி ஒழுங்காற்று ஆணையமோ 2011 செப்டெம்பரிலேயே, தவிர்க்க முடியாத காரணத்தால் பிந்திய உண்மையான கோரிக்கைகளைத் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ள வேண்டாம் என்று கம்பனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. 2022 நவம்பரில் வந்த டெக்ஸ்கோ வழக்கு இன்னும் கூர்மையானது. நிலத்துக்குக் கீழிருந்த கடை என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டே தவணைப் பணம் வாங்கிய கம்பனி, தீப்பிடித்த பிறகு நிலக்கீழ்த் தளத்துக்குக் காப்பு இல்லை என்றது. அந்த விலக்கு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தியத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் அவற்றின் நியாயம் எங்களுக்கு நேராகப் பொருந்தும். விற்கும்போது வாங்குபவரின் முகவரியில் நெடுந்தீவு என்று எழுதித்தான் வாங்குகிறார்கள். அவர் கடலைக் கடந்துதான் வர முடியும் என்று தெரிந்தே தவணையை வாங்கியவர்கள், இழப்பு வந்தபின் கடல் இருப்பதையே தெரியாதவர்கள்போல மணித்தியாலம் எண்ணுவது எப்படி?

ஏமாற்றுக் கோரிக்கைகள் வருகின்றன, காலக்கெடு இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது என்று கம்பனிகள் சொல்லும். அதில் உண்மை உண்டு. ஆனால் படகு ஓடியதா இல்லையா என்பது ஒளித்துவைக்கக் கூடிய விடயமில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கை பகிரங்கமானது. கிராம அலுவலர் ஒரு கடிதத்தில் உறுதிப்படுத்தலாம். நெடுந்தீவில் பொலிஸ் நிலையம் இருக்கிறது. அங்கு அன்றே எழுதிய முறைப்பாட்டில் நாளும் நேரமும் இருக்கும். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கம்பனியின் இலக்கத்துக்கு எடுத்திருந்தால் அந்த அழைப்பின் பதிவும் இருக்கும். இவ்வளவு சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தாமதம் என்ற ஒற்றைச் சொல்லில் கோரிக்கையைத் தள்ளுவதற்கு நியாயம் இல்லை.

கோரிக்கையை ஏற்ற பிறகும் தொகையில் சிக்கல் இருக்கிறது. முதலில் வாடிக்கையாளர் பொறுப்பேற்கும் பங்கு கழியும். பிறகு பாவித்த மாதங்களுக்கான தேய்மானம் கழியும். மிஞ்சுவது அன்றைய விலையின் ஒரு துண்டு. இன்றைய விலையில் அதே போனை வாங்க அது போதாது. சில வேளை திருத்திப் புதுப்பித்த பழைய போனைக் கொடுக்கிறார்கள். தவணைப் பணத்தை முழு விலைக்குக் கணக்கிட்டு வாங்கியவர்கள், கழிவு அட்டவணையையும் அதே மேசையில், அதே நேரத்தில் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் மேன்முறையீட்டுக் கடிதத்தில் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு கழிவும் எந்த நிபந்தனையின் கீழ் என்று வரி வரியாகக் கேளுங்கள். முழுமையான தீர்வு என்று அச்சிட்ட பற்றுச்சீட்டில், உடன்பாடு இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். போட்டபின் வாதாடுவது கடினம்.

எங்கே முறையிடுவது? முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதி, அவர்களது இறுதி முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். அதன் பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். காப்புறுதிக் கம்பனிகளின் சங்கம் 2005இல் ஏற்படுத்திய ஒழுங்கு அது, முறையிடுபவருக்குச் செலவில்லை. வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார். அரச அமைப்பு என்றால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்கு முன் காப்புறுதிச் சபை என்று இருந்தது. இரண்டும் கொழும்பில். கடையின் உத்தரவாதத்தில் பிரச்னை என்றாலோ, பொய் சொல்லி விற்றார்கள் என்றாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போக வேண்டும், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடும் அதிகாரத்தை அந்தச் சபைக்குத் தருகிறது. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு வருட உத்தரவாதம் கொடுத்த போன் ஏழாம் மாதத்தில் நின்றால் என்ன செய்வது? இந்தக் கெடுவைப் பழுது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடும்படி நாடாளுமன்றம் திருத்த வேண்டும். யாழ். மாவட்ட உறுப்பினர்கள் கட்சி பாராமல் கேட்கக்கூடிய ஒரு திருத்தம் இது. சிறு தொகைப் பிணக்குக்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை.

வாசல்கள் இருக்கின்றன, அங்கே போய்ச் சேரும் வழிதான் தீவகத்தாருக்கு அடைபட்டிருக்கிறது. அதைத் திறப்பதற்குப் பெரிய செலவு ஏதும் தேவையில்லை. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகங்களில் பழுதான போனைப் பொறுப்பேற்று, நாளும் நேரமும் குறித்துப் பற்றுச்சீட்டு தரும் ஒரு மேசையைக் காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்தலாம். அங்கு ஒப்படைத்த நேரமே அறிவித்த நேரமாகக் கொள்ளப்பட வேண்டும். கடற்பயணம் நிறுத்தப்பட்ட நாட்களைக் காலக்கெடுவில் சேர்க்கக் கூடாது என்றும், படகுக்குக் காத்திருந்ததால் கூடிய அரிப்பைப் படிப்படியான சேதமாக எண்ணக் கூடாது என்றும் காப்புறுதி ஆணைக்குழு கம்பனிகளுக்குப் பணிப்புரை கொடுக்க வேண்டும். வடக்கில் விற்கும் பத்திரத்தின் விலக்குப் பகுதியாவது தமிழில் அச்சிடப்பட வேண்டும். வாங்குபவர் அதை வாசித்த பிறகே காசு வாங்க வேண்டும். பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவைக்கு அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அதிகாரிகள் வருவதுபோல, காப்புறுதி ஆணைக்குழுவிலிருந்தும் பாவனையாளர் சபையிலிருந்தும் ஆட்கள் வரட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. ஆகவே ஆணைக்குழுவுக்கான முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்த்துக்கொண்டு வா என்று திருப்பினால் அதையே இன்னொரு முறைப்பாடாக அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. கைத்தொலைபேசிக் காப்புறுதி பற்றி இதுவரை எத்தனை முறைப்பாடுகள் வந்தன, அவற்றில் வட மாகாணத்திலிருந்து எத்தனை, எத்தனை பேருக்கு நட்டஈடு கிடைத்தது, எத்தனை பேருக்குத் தமிழில் பதில் போனது என்று காப்புறுதி ஆணைக்குழுவிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் இந்த மாதமே அந்த விண்ணப்பத்தை அனுப்பட்டும். பதில் வந்ததும் நிராகரிப்புக் கடிதம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பத்திரத்தையும் சேர்த்து, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைப் போடச் சொல்லி அரசாங்க அதிபரிடம் கொடுக்க வேண்டும்.